கேள்விக்கு யார் காசு கொடுப்பது?

பெண்கள், திருநர் உரிமைகளுக்கான ஆய்வும் களப்பணியும் நிதி தேடி ஏறி இறங்கும் வாசல்கள்

1974 டிசம்பர் 31. மறுநாள் பிறந்தால் ஐ.நா. அறிவித்த சர்வதேச மகளிர் ஆண்டு. இந்தியப் பெண்களின் நிலையை ஆராய மத்திய அரசு 1971-ல் அமைத்த குழு, அன்றுதான் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. 'டுவர்ட்ஸ் ஈக்வாலிட்டி' என்ற அந்த அறிக்கையைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். 1901-ல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில், 1971-ல் 930 பெண்களே இருந்தார்கள். அரசியல் சட்டம் சமத்துவம் தந்த பிறகும் வேலையிலும் உடல்நலத்திலும் அரசியலிலும் பெண்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஆதாரத்தோடு எழுதியிருந்தது புல்ரேணு குஹா தலைமையிலான அந்தக் குழு. அதன் உறுப்பினர் செயலர் வீணா மஜும்தார்.

அந்த ஆய்வுக்குச் செலவு செய்தது அரசு. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். எனப்படும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு துணை நின்றது. அப்போது அதன் உறுப்பினர் செயலராக இருந்த ஜே.பி. நாயக் ஊக்கம் கொடுத்தார். அறிக்கை வந்த பிறகு, பெண்கள் குறித்த ஆய்வுகளுக்கென்றே அந்த நிறுவனம் தனித் திட்டம் தொடங்கியது. 1980-ல் டெல்லியில் பெண்கள் வளர்ச்சி ஆய்வு மையம் பிறந்தது. இந்தியாவில் பெண்ணியல் என்றொரு துறை வேர்விட்டது இப்படித்தான். அரசின் காசில் அரசின் குறையை எழுத முடிந்தது. எழுதிய பிறகும் ஆய்வுக்கு நிதி வந்தது.

இன்று அதே போன்ற கேள்வியோடு ஒரு சிறு குழு கிளம்பினால் யார் வாசலில் போய் நிற்கும்? ஒவ்வொரு வாசலிலும் அந்தக் கேள்வியின் எந்தப் பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போகும்?

உப்பளத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். குஜராத்துக்கு அடுத்து இந்தியாவில் அதிகம் உப்பு விளையும் இடம் அது. பாத்தியிலிருந்து வாரிய உப்பைத் தலையில் சுமந்துபோய் அம்பாரமாகக் கொட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீரில் ஊறிய காலில் புண் ஆறுவதில்லை. பக்கத்தில் கழிப்பறை இருக்காது என்பதால் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள்.

அங்கே பல ஆண்டுகளாகப் பெண்களோடு வேலை செய்யும் ஒரு சிறு அமைப்பு, பக்கத்து ஊர்க் கல்லூரிப் பேராசிரியை ஒருவரோடு சேர்ந்து ஆய்வு செய்ய நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உதாரணம் கற்பனைதான். ஆனால் இதில் வரும் படிகள் களத்தில் இருப்பவர்கள் ஏறிப் பழகியவை. பெண்கள் கேட்கச் சொல்லும் கேள்விகள் மூன்று: ஒரே பாத்தியில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி ஏன்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவேட்டில் எங்கள் பெயர் இருக்கிறதா? மேற்பார்வை செய்கிறவர் தொந்தரவு கொடுத்தால் புகாரை யாரிடம் கொண்டுபோவது? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர் புகார்க் குழு இருக்க வேண்டும். அப்படியொன்று இருப்பது உப்பளத்துக்கு எட்டியிருக்கிறதா என்பதும் ஆய்வில் அடக்கம்.

முதல் வாசல் பல்கலைக்கழகம். யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு, ஏழாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பெண்ணியல் மையங்களுக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. நாடு முழுக்க 150-க்கும் மேற்பட்ட மையங்கள் அப்படி வளர்ந்தன. பாடம் நடத்துவது மட்டும் அவற்றின் வேலையாக இருக்கவில்லை. ஊருக்குள் போவது, ஆவணப்படுத்துவது, சட்ட விழிப்புணர்வு என்று கல்லூரிச் சுவருக்கு வெளியேயும் கால் வைத்தவை அவை. ஆனால் பெரும்பாலானவை திட்டக்கால நிதியில் நின்றன. 2017 மார்ச்சில் பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தபோது, அடுத்த ஆண்டு மையம் இருக்குமா என்ற கேள்வி எழுந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்து போராடிய பிறகே நீட்டிப்பு கிடைத்தது. ஒப்பந்தத்தில் இருக்கிற ஓர் இளம் ஆய்வாளர், தன் வேலை எந்த மார்ச்சில் முடியும் என்று தெரியாமல், ஐந்து ஆண்டு தேவைப்படும் ஆய்வை எப்படித் தொடங்குவார்? அவர் எடுக்கக்கூடியது பத்து மாதத்தில் முடிகிற வினாத்தாள் ஆய்வுதான்.

ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். இன்றும் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி கொடுக்கிறது. பேராசிரியை தன் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம். பணம் தவணையாக வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்தது. கல்லூரியின் கணக்குப் பிரிவில் கோப்பு தூங்கினால் களப்பணியாளரின் சம்பளமும் தூங்கும். இந்த இழுபறியைத் தாங்கச் சேமிப்போ, குடும்பத்தின் ஆதரவோ உள்ளவர்களே ஆய்வில் நிலைக்க முடிகிறது. முதல் தலைமுறையாகப் படித்து வந்த பெண்கள் பாதியில் வெளியேறி வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நிதியின் தாமதம் ஆய்வு செய்கிறவர்களின் சாதியையும் வர்க்கத்தையும் தீர்மானிப்பதை எந்த விண்ணப்பப் படிவமும் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது வாசல், கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்புப் பணம். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பாலினச் சமத்துவம் என்பது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதே அட்டவணையில் ஆராய்ச்சிக்கான பத்தியைப் படித்தால், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் என்று நான்கு துறைகளோடு நின்றுவிடுகிறது. சமூக அறிவியல் அதில் இல்லை. பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுக்க வழி இருக்கிறது. அந்தத் தையல் வேலைக்குக் கூலி ஏன் குறைவு என்று ஆராய வழி தேட வேண்டியிருக்கிறது.

இன்னொரு தடையும் உண்டு. கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பணத்தை அறக்கட்டளை, சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்த அமைப்பு, கம்பெனிகள் சட்டத்தின் எட்டாம் பிரிவில் பதிந்த லாப நோக்கற்ற நிறுவனம் ஆகியவற்றின் மூலம் செலவிடலாம். வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்று ஆண்டு அனுபவம், சி.எஸ்.ஆர்.-1 படிவம் எல்லாம் வேண்டும். தொழிற்சங்கம் இந்தப் பட்டியலில் வராது. திண்டுக்கல்லில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண் 2021-ல் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தம், பாலின வன்முறைக்கு எதிராக ஆசியாவின் ஆடைத் தொழிலில் முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. அதைச் சாதித்த சங்கம் போன்ற ஒன்று, பாலினச் சமத்துவத்துக்கென ஒதுக்கிய சி.எஸ்.ஆர். பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கக்கூட முடியாது.

நம் உப்பளக் குழுவுக்கு ஒரு கம்பெனி சம்மதிக்கிறது என்றே கொள்வோம். கேள்வி உடனே மாறும். 'எத்தனை பயனாளிகள்?' என்பார்கள். 500 பேருக்குக் கறுப்புக் கண்ணாடி, இரண்டு கண் முகாம், புகைப்படம், அறிக்கை. கண்ணாடி தேவைதான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பெண்களின் கண்கள் நிஜமாகவே எரிகின்றன. ஆனால் கூலி, பதிவேடு, புகார்க் குழு என்ற மூன்று கேள்விகளும் விண்ணப்பத்திலிருந்து காணாமல் போயிருக்கும்.

'எஃப்.சி. இருக்கா?'

மூன்றாவது வாசல், வெளிநாட்டு நன்கொடை. தொண்டு நிறுவனங்களின் கூட்டத்தில் இரண்டு பேர் அறிமுகமானால் மூன்றாவது கேள்வி இதுவாகத்தான் இருக்கும். எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழான பதிவு. 1976-ல் வந்த சட்டம் 2010-ல் புதிதாக எழுதப்பட்டு, 2020 செப்டம்பரில் கடுமையாகத் திருத்தப்பட்டது. பதிவு வேண்டுமென்றால் அமைப்பு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். எந்த ஊர் அமைப்பானாலும் வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும்.

2020 திருத்தத்தில் இரண்டு விதிகள் சிறு அமைப்புகளை நேராகத் தாக்கின. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்தது 20 ஆனது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பது முற்றிலும் தடை செய்யப்பட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நோயல் ஹார்ப்பர் வழக்கில் இந்தத் திருத்தங்களை ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது விதியின் பாரம் வெளியே தெரிவதில்லை. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதவும், ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுக்கவும் வசதியுள்ள பெரிய அமைப்பு முன்பெல்லாம் பணத்தை வாங்கி, கிராமத்தில் இருக்கும் பத்துச் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். தலித் பெண்கள் நடத்தும் குழுக்களும் திருநர் குழுக்களும் பெரும்பாலும் இந்த இரண்டாம் கை வழியில்தான் முதல் நிதியைப் பார்த்தன. அந்தக் கால்வாய் அடைபட்டுவிட்டது.

நிர்வாகச் செலவைப் பற்றிய விதிகளில் பலரும் கவனிக்காத ஒரு வரி உண்டு. முதன்மையாக ஆய்விலோ பயிற்சியிலோ ஈடுபடும் அமைப்பு, களத் தரவுகளைத் திரட்டவும் அலசவும் வைத்திருக்கும் பணியாளர்களின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. விண்ணப்பம் எழுதும் தோழிகள் தங்கள் ஆடிட்டரிடம் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆனால் 'முதன்மையாக' என்ற அந்த வார்த்தையில் நம் உப்பளக் குழு தடுக்கி விழும். அவர்கள் காலையில் ஆய்வுக்குப் பேட்டி எடுப்பார்கள். மாலையில் அதே பெண்ணோடு காவல் நிலையத்துக்குப் போவார்கள். ஆய்வு நிறுவனமா, சேவை நிறுவனமா, போராடும் அமைப்பா என்று படிவம் கேட்கும்போது மூன்றிலும் டிக் அடிக்க இடமில்லை.

மதிப்பூதியக்காரி கொண்டுவந்த சட்டம்

இப்படிப் படிவத்துக்குள் அடங்காத வேலை என்ன விளைவிக்கும் என்பதற்கு ராஜஸ்தான் சாட்சி. அங்கே 1984-ல் மகளிர் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. மாநில அரசும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. ஒவ்வொரு கிராமத்திலும் 'சாத்தின்' என்று ஒரு பெண் பணியாளர். அவருக்குச் சம்பளம் கிடையாது. சில நூறு ரூபாய் மதிப்பூதியம். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது, குறைந்தபட்சக் கூலி பற்றிப் பேசுவது எல்லாம் அவர் வேலை. பட்டேரி கிராமத்தின் சாத்தின் பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-ல் ஆதிக்க சாதி ஆண்களால் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அரசுத் திட்டத்தின் வேலையைச் செய்ததற்காகத் தாக்கப்பட்ட அவரைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியோடு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த விசாகா தீர்ப்பு வந்தது. அதிலிருந்து 2013-ல் சட்டம் வந்தது. இன்று ஐ.டி. நிறுவனத்தில் புகார்க் குழு இருக்கிறதென்றால் அது பன்வாரி தேவியின் வழக்கிலிருந்து கிளைத்தது. விசாரணை நீதிமன்றம் 1995-ல் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எந்தத் திட்ட அறிக்கையின் 'எதிர்பார்க்கும் விளைவுகள்' கட்டத்திலும் இந்தச் சட்டத்தை முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. பத்து, இருபது ஆண்டு கழித்து விளையும் மாற்றத்தை ஒன்றரை ஆண்டுத் திட்டத்துக்குள் எண்ணிக் காட்டச் சொல்வது, பாலின நீதிக்கான நிதியில் எனக்குப் படும் முதல் பிழை. ஆபத்தை ஏற்கிற பெண்ணுக்கு மதிப்பூதியமும், அவரைப் பற்றி அறிக்கை எழுதுகிறவருக்குச் சம்பளமும் ஒதுக்குவது இரண்டாவது பிழை.

பெண்கள் பாதுகாப்புக்கென 2013 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயோடு அறிவிக்கப்பட்ட நிர்பயா நிதி, இந்தக் கணக்குப் புத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டியது. முதல் சில ஆண்டுகள் பணம் செலவாகாமலே கிடந்தது. பிறகு கணிசமான பகுதி, சென்னை உட்பட எட்டு நகரங்களின் பாதுகாப்பு நகரத் திட்டங்களுக்குப் போனது. அதில் கண்காணிப்பு கேமரா முக்கிய இடம் பிடித்தது. கேமராவை எண்ணலாம், பில் போடலாம், திறப்பு விழா நடத்தலாம். வன்முறைக்கு ஆளான பெண்ணோடு ஓராண்டு முழுக்க நீதிமன்றத்துக்குப் போய் வரும் துணையாளருக்குச் சம்பளம் ஒதுக்குவதற்குத்தான் கை வரவில்லை.

தாங்களே திரட்டிய பணம்

இந்தப் பிழைகளை உணர்ந்த பெண்கள் நிதியைத் தாங்களே திரட்டத் தொடங்கினார்கள். 1983-ல் ஆம்ஸ்டர்டாமில் ஐந்து பெண்கள் சேர்ந்து தொடங்கிய மாமா கேஷ், 1987-ல் அமெரிக்காவில் தொடங்கிய குளோபல் ஃபண்ட் ஃபார் விமன், தெற்காசியாவுக்காகக் கொழும்பை மையமாகக் கொண்டு உருவாகி இன்று விமன்ஸ் ஃபண்ட் ஏசியா என்ற பெயரில் இயங்கும் நிதியம் ஆகியவை இந்த வழியில் வந்தவை. இவற்றின் பலம், வாடகைக்கும் சம்பளத்துக்கும் பணம் கொடுப்பது. இந்த இந்தச் செயலுக்கு மட்டும் என்று கட்டாமல், அமைப்பு உயிரோடு இருக்கக் கொடுக்கிறார்கள். ஆனாலும் கடலில் கரைத்த பெருங்காயம் அளவுதான் இந்தப் பணம். உலகெங்கும் 700-க்கும் மேற்பட்ட பெண்ணுரிமை அமைப்புகளிடம் ஏவிட் என்ற பன்னாட்டு அமைப்பு நடத்திய கணக்கெடுப்பில், 2010-ல் அவற்றின் இடைநிலை ஆண்டு வருமானம் வெறும் 20,000 டாலர். பாதி அமைப்புகள் அதற்கும் கீழே.

வெளிநாட்டுப் பணத்தை மட்டும் நம்பினால் என்னாகும் என்பதை 2025 காட்டிவிட்டது. அமெரிக்காவில் புதிய அரசு ஜனவரியில் பொறுப்பேற்றதும் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியது, அந்த உதவிகளை வழங்கிவந்த யு.எஸ்.எய்ட் கலைக்கப்பட்டது. அதன் பணத்தில் ஹைதராபாதில் 2021 முதல் திருநர்களுக்கென்றே இயங்கிய மித்ர் கிளினிக் மூடப்பட்டது. மருத்துவமனையில் கேலிப் பேச்சுக்குப் பயந்து வைத்தியத்தையே தவிர்த்துவந்தவர்கள் நம்பிப் போன இடம் அது. பிறகு டாடா டிரஸ்ட்ஸ் ஆதரவோடு வேறு பெயரில் திறந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தாய்மையையும் குடும்ப வன்முறையையும் பதிவுசெய்துவந்த மக்கள்தொகை, உடல்நல ஆய்வுத் திட்டமும் அதே வெட்டில் நின்றது. ஒரு நாட்டின் தேர்தல் முடிவு, இன்னொரு நாட்டின் பெண்கள் எத்தனை பேர் அடிவாங்குகிறார்கள் என்ற கணக்கையே துடைத்துவிடக்கூடும்.

உள்ளூர்ப் பணத்துக்கும் வாசல் காவல் உண்டு என்பது நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1912-ல் சென்னையில் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கிய சகோதரி சுப்பலட்சுமியின் விதவைப் பெண்கள் விடுதி, அரசின் ஆதரவோடு திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் இயங்கியது. குழந்தை விதவைகளை ஆசிரியைகளாக்கிய பெரும் பணி அது. ஆனால் பிராமணப் பெண்களுக்கான விடுதியாகவே இருந்தது. தேவதாசிக் குடும்பத்திலிருந்து தப்பி வந்த சிறுமிகளைச் சென்னையின் விடுதிகள் சேர்க்க மறுத்தபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது.

விண்ணப்பத்தில் என்ன எழுதலாம்?

நம் உப்பளக் குழுவுக்குப் பத்து லட்சம் ரூபாய் கேட்க வாய்ப்பு வருகிறது என்று வைத்துக்கொண்டால், நான் முதலில் எழுதச் சொல்லும் வரி கூலி இழப்பீடு. 60 பெண்கள், ஆளுக்கு இரண்டு நாள், நாளுக்கு 500 ரூபாய் என்றால் 60,000 ரூபாய். மொத்தத்தில் 6 சதவீதம். பணம் கொடுத்தால் பதில் திரிந்துவிடும் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கருத்தரங்கில் பேசப் போகும்போது அவர்களுக்கும் பயணப்படியும் மதிப்பூதியமும் வருகிறது. அதனால் அவர்கள் கருத்து திரிந்ததாக யாரும் சொன்னதில்லை. அன்றாடக் கூலியில் வாழும் ஒருவரின் இரண்டு நாளை இலவசமாக எடுத்துக்கொண்டு கூலி அநீதியைப் பற்றி அறிக்கை எழுதக் கூடாது.

அடுத்து, கூட்டத்துக்கு வரும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இரவு வீடு திரும்ப ஆட்டோ செலவு. வன்முறைக் கதைகளை நாள் முழுக்கக் கேட்கும் களப்பணியாளருக்கு மனநல ஆலோசனை. பேட்டி கொடுத்ததற்காக யாருக்காவது வேலை போனால் உதவ ஒரு சிறு அவசர நிதியும் வக்கீல் கட்டணமும். அறிக்கையைத் தமிழில் அச்சிட்டு, உப்பளத்திலேயே வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்கும் கூட்டத்துக்கான செலவு. இவற்றை 'இதர செலவுகள்' என்று ஒரே வரியில் ஒளித்து வைக்க வேண்டாம். தனித்தனியாக, காரணத்தோடு எழுதினால் நிதி கொடுப்பவர் வெட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டிவரும்.

எண்ணிக்கை கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். கொடுப்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். பயிற்சியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதற்குப் பதிலாக, இ.எஸ்.ஐ. பதிவேட்டில் எத்தனை பெண்களின் பெயர் ஏறியது, உள்ளூர் புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்ப் பலகை எத்தனை உப்பளங்களில் மாட்டப்பட்டது என்று எழுதலாம். போராட்டம் என்ற சொல்லைக் கண்டால் நிதி வராது என்ற பயமும் முழுக்க அவசியமில்லாதது. பந்த், மறியல் போன்ற வழிகளில் ஒரு பொது நோக்கத்தை ஆதரித்தார்கள் என்பதற்காகவே ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்தி வெளிநாட்டு நன்கொடையை மறுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் இன்சாஃப் என்ற அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எவ்வளவு திறமையாக எழுதினாலும் வாசல்கள் குறுகிக்கொண்டே வந்தால் பயனில்லை. தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை கொடுக்கிறது. ஆண்டுக்கு 13,000 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் திட்டம். அந்தப் பணம் வீட்டுக்குள் யார் கைக்குப் போகிறது, அடியைக் குறைத்ததா, கடனைக் குறைத்ததா, யாருக்கு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று அந்தப் பெண்களையே வைத்து ஆராயலாம். செலவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் ஆண்டுக்கு 1.3 கோடி ரூபாய். அதில் பத்து லட்ச ரூபாய் ஆய்வுகள் பதின்மூன்றுக்கு இடமிருக்கிறது. விண்ணப்பம் தமிழில் இருக்கட்டும். தொழிற்சங்கமும் பதிவில்லாத குழுவும் ஒரு கல்லூரியோடு சேர்ந்து கேட்க அனுமதிக்கட்டும். தேர்வுக் குழுவில் பாதிப் பேர் களத்தில் வேலை செய்யும் பெண்களாகவும் திருநர்களாகவும் இருக்கட்டும். நிதி மூன்று ஆண்டுக்கு உறுதியாக இருக்கட்டும். அறிக்கை அரசுக்குச் சாதகமா பாதகமா என்று பாராமல் சட்டப்பேரவையில் வைக்கப்படும் என்று அரசாணையிலேயே எழுதட்டும்.